செல்லாக் காசும் சேதி சொல்லும்



கடைக்குப் போகிறோம். பத்து வெள்ளித் தாளை நீட்டுகிறோம். சாமானோடு மீதிச் சில்லறையும் கைக்கு வருகிறது. அதை எண்ணிப் பார்ப்பவர் சிலர். எண்ணாமல் பைக்குள் போடுபவர் பலர். ஆனால், ஒவ்வொரு காசாக எடுத்து, இது எந்த நாட்டுக் காசு என்று பார்ப்பவர் எத்தனை பேர்? நம் நாட்டுக் கடையில் வாங்கிய காசு நம் நாட்டுக் காசாகத்தானே இருக்கும் என்ற நம்பிக்கை நமக்கு. அந்த நம்பிக்கை எப்போதும் சரியாக இருப்பதில்லை. நம் சில்லறைக்குள் அயல்நாட்டுக் காசு எப்படி நுழைகிறது, அதை எப்படி இனங்கண்டுகொள்வது என்பதைப் பற்றியே இன்று பேசப் போகிறோம்.

முதலில், நாம் பணியாற்றும் தோட்டப் பள்ளியில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறோம். 2013ஆம் ஆண்டு. புதிய காசுகள் புழக்கத்திற்கு வந்து ஓராண்டு கடந்திருந்த நேரம். பழைய காசும் புதிய காசும் கலந்து, சிறுவர்களைக் குழப்பிக்கொண்டிருந்தன. ஒரு நாள் காலை இடைவேளையின்போது சிற்றுண்டிச் சாலையில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், நான்காம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி கையில் மீ கோரேங் பொட்டலத்துடன் விழித்துக்கொண்டு நிற்கிறாள். கடைக்கார அம்மாள் ஒரு காசைத் தூக்கிக் காட்டி, "இது செல்லாது. எங்கேர்ந்து எடுத்து வந்தே?" என்று கேட்கிறார். சுற்றி நின்ற பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? "செல்லாக் காசு, செல்லாக் காசு" என்று கைகொட்டிச் சிரித்தார்கள்.

அங்கே ஒரு தவறு நடந்தது. அதைச் செய்தவர்கள் நாமேதான். என்ன, ஏது என்று பாராமலே, "உண்மையைச் சொல், இந்தக் காசு உனக்கு ஏது?" என்று அதட்டிவிட்டோம். அந்தப் பிள்ளையின் கண்ணில் நீர் திரண்டது. "நா ஏமாத்தல ஐயா. அம்மா குடுத்த காசுதான்" என்றாள். அதற்குமேல் பேச்சு வரவில்லை.

வகுப்புக்குத் திரும்பியபின் அந்தக் காசை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரு பக்கம் முடிசூடிய அரசியின் தலை. மறுபக்கம் உடம்பெல்லாம் முள்ளாக ஒரு சிறு விலங்கு. அது எகிட்னா என்னும் முள் எறும்புத்தின்னி. காசு, ஆஸ்திரேலியாவின் ஐந்து சென். அந்தப் பிள்ளையின் தாயார் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர். முதல்நாள் சந்தையில் மீன் வாங்கியபோது கிடைத்த சில்லறை அது. மீன்காரரும் அறியார், தாயாரும் அறியார். நம் பழைய பத்துக் காசு என்றே எண்ணி, அது கை மாறிக் கை மாறி வந்திருக்கிறது.

எப்படி அத்தனை பேரும் ஏமாந்தார்கள்? இங்கேதான் பாடம் தொடங்குகிறது.

1989ஆம் ஆண்டில் வெளிவந்த நமது இரண்டாம் வரிசை நாணயங்களில், பத்துக் காசின் குறுக்களவு ஏறத்தாழ 19.4 மில்லிமீட்டர். எடை ஏறத்தாழ 2.8 கிராம். ஆஸ்திரேலியாவின் ஐந்து சென் நாணயமும் அதே அளவு, அதே எடை. நமது பழைய இருபது காசோ 23.6 மில்லிமீட்டர், ஐந்தரைக் கிராமுக்குச் சற்றே கூடுதல். ஆஸ்திரேலியாவின் பத்து சென்னும் அப்படியே. இரண்டு நாட்டுக் காசும் செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். நிறமும் ஒன்று, ஓரத்தில் உள்ள வரிப்பள்ளமும் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தால் வேறுபாடு தெரியாது.

இது தற்செயலாக நேர்ந்ததா? இல்லை. இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். பிரிட்டிஷ்காரர்களிடம் ஆறு பென்ஸ் நாணயம் ஒன்றும், ஷில்லிங் நாணயம் ஒன்றும் இருந்தன. ஆறு பென்ஸின் குறுக்களவு 19.4 மில்லிமீட்டர்; ஷில்லிங்கின் குறுக்களவு 23.6 மில்லிமீட்டர். ஆஸ்திரேலியா 1966ஆம் ஆண்டில் பென்ஸ் கணக்கை விட்டுச் சென் கணக்குக்கு மாறியபோது, ஆறு பென்ஸ் இருந்த இடத்தில் ஐந்து சென்னையும், ஷில்லிங் இருந்த இடத்தில் பத்துச் சென்னையும் வைத்தது, அளவை மாற்றவில்லை. மலாயாவில் வெள்ளையர் ஆட்சியில் புழங்கிய பத்துக் காசும் இருபது காசும் அதே அளவுகளையே ஒத்திருந்தன. ஆட்சி போனபின்னும் அளவு போகவில்லை. ஆகவே, தோட்டத்துச் சந்தையில் ஆஸ்திரேலியாவின் முள் எறும்புத்தின்னி நம் பத்துக் காசைப்போல உலவியதற்குப் பின்னால், ஒரு பேரரசின் வரலாறே இருக்கிறது.

நமது பக்கத்து வீட்டுக் கதையையும் பார்ப்போம். 1967ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்று நாடுகளும் தத்தம் சொந்த நாணயங்களை வெளியிட்டன. அதற்கு முன் மூன்றுக்கும் பொது நாணயமே இருந்தது. புதிய காசுகளை அடித்தபோது, மூன்று நாடுகளும் மக்களுக்குப் பழகிப்போன அளவுகளையே பின்பற்றின. நமது காசில் நாடாளுமன்றக் கட்டடமும் பிறையும் நட்சத்திரமும் இருந்தன. சிங்கப்பூர்க் காசில் பத்துச் சென்னுக்குக் கடற்குதிரை, இருபதுக்கு வாள்மீன், ஐம்பதுக்குச் சிங்கமீன் என்று கடல்வாழ் உயிர்கள் இடம்பெற்றன. புருணைக் காசில் சுல்தானின் உருவம் இருந்தது.

அந்த நாளில் மூன்று நாட்டுக் காசுக்கும் ஒரே மதிப்பு. ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ள உடன்பாடு இருந்தது. சிங்கப்பூரின் கடற்குதிரையை ஈப்போக் கடையில் கொடுத்தால் ஒருவரும் முகம் சுளிக்கமாட்டார்கள். 1973ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் மலேசியா அந்த உடன்பாட்டிலிருந்து விலகியது. அன்று முதல் கடற்குதிரை நமக்கு அயல்நாட்டுக் காசாகிவிட்டது. சிங்கப்பூருக்கும் புருணைக்கும் இடையே அந்த உடன்பாடு இன்றும் தொடர்கிறது. ஆதலால், சிங்கப்பூர் நேயர்களின் சில்லறையில் புருணைக் காசு வந்தால் அது வியப்பன்று. அங்கே அது ஒன்றுக்கு ஒன்றாகவே மதிக்கப்படும்.

சரி, அயல்நாட்டுக் காசு நம் ஊருக்குள் எந்த வழியாக வருகிறது? பணம் மாற்றுக் கடைக்காரர்கள் பெரும்பாலும் தாள் பணத்தைத்தான் மாற்றித் தருவார்கள். சில்லறைக் காசை வாங்கமாட்டார்கள். அதனால், வெளிநாடு சென்று திரும்புவோரின் பையில் காசுகள் தங்கிவிடுகின்றன. பழனிக்கும் திருப்பதிக்கும் போய்வந்தவரிடம் இந்திய ரூபாய். மக்காவுக்குப் போய்வந்தவரிடம் சவுதியின் ஹலாலா. ஜோகூர்ப் பாலத்தைக் கடந்து நாள்தோறும் வேலைக்குப் போய்வருபவரிடம் சிங்கப்பூர்க் காசு. எல்லைப்புறத்துப் பெர்லிஸ், கெடாக்காரரிடம் தாய்லாந்தின் பாட். ஒரு நாள் அவசரத்தில் பையைக் கவிழ்த்து எண்ணும்போது, அளவொத்த காசு ஒன்று நம் காசோடு கலந்து போய்விடுகிறது. பெரும்பாலும் இதில் வஞ்சனை இல்லை, கவனக்குறைவுதான் இருக்கிறது. அந்தச் சிறுமியை அதட்டுவதற்கு முன் நாம் இதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

இனி, இனங்காணும் முறைக்கு வருவோம். பெரிய நூல்கள் வேண்டா. அளவுகோல் ஒன்று, சிறு காந்தம் ஒன்று, நல்ல வெளிச்சம், கொஞ்சம் பொறுமை ஆகியவை போதும். ஐந்து கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் கேள்வி: எழுத்து என்ன? காசின் இருபுறமும் சுற்றி எழுதியிருப்பதைப் படியுங்கள். பல காசுகளில் நாட்டின் பெயர் ஆங்கில எழுத்திலேயே இருக்கும். ஆனால், எல்லா நாடும் நாம் அறிந்த பெயரால் தன்னைக் குறிப்பிடுவதில்லை. சுவிட்சர்லாந்து தன் காசில் 'ஹெல்வேஷியா' என்று எழுதும். பின்லாந்து தன் பழைய காசில் 'சுவோமி' என்று எழுதியது. சுவீடன் 'ஸ்வேரியே' என்று எழுதும். பிரிட்டனின் வழக்கமான காசுகளிலோ நாட்டின் பெயரே இராது. அரசர் அல்லது அரசியின் பெயரும், இலத்தீன் சுருக்கெழுத்தும், காசின் மதிப்பும் மட்டுமே இருக்கும். பெயரில்லாத காசு கிடைத்தால், பிரிட்டனை நினைத்துப் பாருங்கள்.

அயல்நாட்டுக் காசில் நம் தமிழெழுத்தையும் காணலாம் என்றால், சிறுவர்களுக்கு எத்தனை மகிழ்ச்சி! 1985ஆம் ஆண்டில் தொடங்கிய சிங்கப்பூரின் இரண்டாம் வரிசைக் காசை எடுத்துப் பாருங்கள். ஒரு புறம் பூ அல்லது செடி. மறுபுறம் அந்நாட்டுச் சின்னம். சின்னத்தைச் சுற்றி நான்கு மொழிகளில் நாட்டின் பெயர். அவற்றுள் ஒன்று தமிழ். இலங்கைக் காசிலும் சிங்களத்தோடு தமிழ் இருக்கிறது. வெள்ளையர் காலத்து இலங்கைக் காசுகளிலும் தமிழ் இடம்பெற்றிருந்தது. நம் வகுப்புப் பிள்ளைகள் உருப்பெருக்கிக் கண்ணாடியில் 'சிங்கப்பூர்' என்ற எழுத்தைக் கண்டபோது போட்ட கூச்சல், பக்கத்து வகுப்பு ஆசிரியரை ஓடிவர வைத்துவிட்டது.

இரண்டாம் கேள்வி: உருவம் என்ன? அரசியின் தலையைக் கண்டதும் இங்கிலாந்து என்று முடிவுகட்டிவிடக் கூடாது. எலிசபெத் அரசியின் தலை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, ஃபிஜி, ஆங்காங் எனப் பல நாட்டுக் காசுகளில் இருந்தது. அங்கே மறுபக்கம்தான் உண்மையைச் சொல்லும். யாழ்ப்பறவையும் கங்காருவும் ஆஸ்திரேலியாவுக்கு. கீவிப் பறவை நியூசிலாந்துக்கு. நீர்நாய் போன்ற பீவர் கனடாவுக்கு. ஆங்காங் 1993 முதல் அரசியின் தலையை எடுத்துவிட்டு, பௌகினியாப் பூவைப் பொறித்து வருகிறது. இன்னொரு சிறு குறிப்பும் உண்டு. ஆறாம் ஜார்ஜ் மன்னர் காசில் இடப்பக்கம் நோக்குவார். எலிசபெத் அரசி வலப்பக்கம் நோக்குவார். இப்போதைய மூன்றாம் சார்ல்ஸ் மன்னர் மீண்டும் இடப்பக்கம் நோக்குகிறார். ஒருவருக்குப்பின் ஒருவர் திசை மாறி நோக்குவது அவர்களுடைய வழக்கம்.

மூன்றாம் கேள்வி: ஆண்டு என்ன? இதுதான் சிறுவர்களை மிகவும் திகைக்க வைக்கும். தாய்லாந்துக் காசில் 2520 என்ற ஆண்டு இருந்தால், அது எதிர்காலத்துக் காசா? இல்லை. அவர்கள் புத்தர் ஆண்டுக் கணக்கைப் பின்பற்றுகிறார்கள். அதிலிருந்து 543ஐக் கழித்தால் 1977 என்று நம் கணக்கு கிடைக்கும். தாய்லாந்து எண்களும் வேறு வடிவத்தில் இருக்கும். அவர்களுடைய எழுத்து கெமர் எழுத்தின் வழியாகப் பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கிளைத்தது என்பதைத் தமிழராகிய நாம் அறிந்துகொள்வது நல்லது.

அரபு நாட்டுக் காசுகளில் பெரும்பாலும் ஹிஜ்ரி ஆண்டு இருக்கும். அது நிலவைக் கொண்ட கணக்காதலால், அதன் ஆண்டு சற்றே குட்டையானது. வெறுமனே கூட்டவோ கழிக்கவோ முடியாது. ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி, 622ஐக் கூட்டினால் ஏறத்தாழச் சரியான ஆண்டு வரும். 1400 என்று இருந்தால், பெருக்கி வருவது 1358. அதனுடன் 622ஐக் கூட்ட 1980. உண்மையில் ஹிஜ்ரி 1400 தொடங்கியது 1979ஆம் ஆண்டின் இறுதியில். கணக்குப் பாடத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி வேண்டுமா? அரபு எண்களைப் படிப்பதும் கடினமன்று. புள்ளி வைத்தால் சுழியம். நின்ற கோடு ஒன்று. சிறு வட்டம்போல் இருப்பது ஐந்து. நமது ஏழைப்போல் இருப்பது அங்கே ஆறு. பள்ளம்போல் விரிந்தது ஏழு. அதையே கவிழ்த்து வைத்தால் எட்டு. எழுத்தை வலமிருந்து இடமாகப் படித்தாலும், எண்ணை இடமிருந்து வலமாகவே படிக்க வேண்டும்.

சப்பானியரோ பேரரசர் ஆண்ட காலத்தைக் கொண்டு ஆண்டை எண்ணுகிறார்கள். ஷோவா காலத்து 50 என்றால், 1925ஐக் கூட்டி 1975 என்று அறியலாம். ஹெய்செய் காலமானால் 1988ஐயும், இப்போதைய ரெய்வா காலமானால் 2018ஐயும் கூட்ட வேண்டும். தைவான் காசுக்கு 1911ஐக் கூட்ட வேண்டும்.

நான்காம் கேள்வி: வடிவம் என்ன? நடுவில் துளை இருந்தால் சப்பானின் ஐந்து யென், ஐம்பது யென் ஆகியவற்றை முதலில் நினையுங்கள். ஐந்து யென் மஞ்சள் நிறம். ஐம்பது யென் வெண்ணிறம். பூவிதழ்போல் ஓரம் வளைந்து வளைந்து இருந்தால், ஆங்காங்கின் இருபது சென்னாகவோ இரண்டு டாலராகவோ இருக்கலாம். இந்தியாவின் பழைய பத்துப் பைசாவாகவும் இருக்கலாம். பன்னிரண்டு பக்கம் இருந்தால் ஆஸ்திரேலியாவின் ஐம்பது சென்னைப் பாருங்கள். எடையே இல்லாத அலுமினியக் காசு, சதுரமாக இருந்தால் இந்தியாவின் ஐந்து பைசா. அறுகோணமாக இருந்தால் மூன்று பைசா அல்லது இருபது பைசா. இந்தச் சிறு பைசாக்களை இந்தியாவிலும் இப்போது கொடுத்து வாங்க முடியாது. 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியோடு செல்லாதவையாயின.

ஐந்தாம் கேள்வி: உலோகம் என்ன? இங்கேதான் காந்தம் உதவும். செம்பும் நிக்கலும் கலந்த நமது பழைய காசைக் காந்தம் இழுக்காது. ஐரோப்பாவின் ஒன்று, இரண்டு, ஐந்து சென்ட் காசுகள் பார்வைக்குச் செம்பு, உள்ளே எஃகு. அவற்றைக் காந்தம் பட்டென்று இழுத்துக்கொள்ளும். பிரிட்டனின் ஒரு பென்னிக் காசும் 1992 முதல் செம்பு பூசிய எஃகாகிவிட்டது. அதற்கு முந்தியது வெண்கலம், காந்தத்துக்கு மசியாது. வெளித்தோற்றத்தைக் கண்டு உள்ளே இருப்பதைத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு அல்லவா?

மனிதர் மட்டுமன்று, இயந்திரங்களும் காசில் ஏமாந்திருக்கின்றன. காசைப் போட்டால் பானம் தரும் இயந்திரம், அதன் குறுக்களவு, கனம், உலோகத்தின் மின்காந்தத் தன்மை ஆகியவற்றைச் சோதித்துப் பார்க்கிறது. 1982ஆம் ஆண்டில் சப்பான் ஐந்நூறு யென் காசை வெளியிட்டது. அதே ஆண்டில் தென்கொரியா ஐந்நூறு வொன் காசை வெளியிட்டது. இரண்டின் குறுக்களவும் 26.5 மில்லிமீட்டர், உலோகமும் ஒன்றே. எடையில் மட்டும் அரைக் கிராம் வேறுபாடு. மதிப்பிலோ வொன் காசு யென் காசில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். சில தீயவர்கள் வொன் காசைக் குடைந்து எடையைக் குறைத்து, இயந்திரத்தை ஏமாற்றினார்கள். முடிவில், 2000ஆம் ஆண்டில் சப்பான் ஐந்நூறு யென் காசின் உலோகக் கலவையையே மாற்ற வேண்டியதாயிற்று. அறியாமல் கைமாறும் காசு வேறு. அறிந்தே மாற்றும் காசு வேறு. முன்னது பிழை, பின்னது மோசடி. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு நாம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

நம் கைக்கு அயல்நாட்டுக் காசு வந்துவிட்டால் என்ன செய்வது? கடைக்காரர் அதை மறுப்பது முறையே. அயல்நாட்டுக் காசை வாங்கித்தான் ஆகவேண்டும் என்று அவரை எவரும் கட்டாயப்படுத்த முடியாது. நம் தலையில் கட்டியதை அடுத்தவர் தலையில் கட்டுவோம் என்று எண்ணுவதும் தகாது. தனியே எடுத்து வைத்துக்கொள்வதே நல்லது. சொந்த நாட்டுக் காசிலும் செல்லாதது உண்டு என்பதை மறவாதீர்கள். கிரீஸ் பொறித்த நமது ஒரு வெள்ளிக் காசு, 2005ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் முதல் செல்லாது. அந்தப் பொன்னிறக் காசை இன்னும் உண்டியலில் போட்டு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

மீண்டும் அந்தச் சிறுமியிடம் வருவோம். மறுநாள் வகுப்பில் எல்லாருக்கும் முன்னால், "நேற்று உன்னை அதட்டியது எங்கள் தவறு" என்று சொன்னோம். பிறகு காலியான பிஸ்கட் டின் ஒன்றை மேசைமேல் வைத்து, அந்த ஐந்து சென்னை அதில் முதலாவதாகப் போட்டோம். "இனி யாருக்கு அயல்நாட்டுக் காசு கிடைத்தாலும் இதில் போடுங்கள். எந்த நாடு, எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். இந்த டின்னுக்கு இவள்தான் பொறுப்பாளர்" என்றோம். முதல்நாள் கைகொட்டிச் சிரித்தவர்கள், அந்த வார இறுதிக்குள் ஆளுக்கொரு காசோடு அவளிடம் வந்து நின்றார்கள்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பிள்ளையின் பாட்டி பள்ளிக்கு வந்தார். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, மேசைமேல் கொட்டினார். மூலை மழுங்கிய சதுரக் காசுகள் நான்கைந்து. அவை, 1919 முதல் 1961 வரை நம் மண்ணுக்காக அடிக்கப்பட்ட ஒரு காசு. 1962இல்தான் அது வட்டமாயிற்று. ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலையோடு மலாயாவின் பத்துக் காசுகள் சில இருந்தன. நடுவில் பெரிய துளையோடு இந்திய ஓட்டைக் காலணா ஒன்றும் இருந்தது. போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்த, 1943 முதல் 1947 வரை அப்படித் துளையிட்டு அடித்தார்கள்.

ஜார்ஜ் மன்னரின் காசுகளைப் பிள்ளைகளிடம் கொடுத்துச் சுற்றெழுத்தைப் படிக்கச் சொன்னோம். ஒன்றில் 'மன்னரும் இந்தியப் பேரரசரும்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருந்தது, ஆண்டு 1941. மற்றொன்றில் 'ஆறாம் ஜார்ஜ் மன்னர்' என்று மட்டுமே இருந்தது, ஆண்டு 1950. "இடையில் என்ன நடந்தது?" என்று கேட்டோம். ஒரு பையன் எழுந்து, "இந்தியாவுக்குச் சுதந்திரம் கெடச்சிருச்சு ஐயா" என்றான். வரலாற்றுப் பாடத்தைக் காசே நடத்திவிட்டது.

பாட்டிக்கு வேறொரு கவலை. ஒருவர் வந்து, இவை ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் போகும் என்று சொன்னாராம். இன்னொருவர் வந்து, மொத்தத்தையும் இருபது வெள்ளிக்குக் கேட்டாராம். எதை நம்புவது என்று தெரியாமல் நம்மிடம் கொண்டுவந்திருக்கிறார். உள்ளதைச் சொன்னோம். பழையது என்பதனாலேயே ஒரு காசு விலை பெற்றுவிடாது. எத்தனை அடித்தார்கள், எத்தனை எஞ்சியிருக்கிறது, எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்பவைதான் விலையைத் தீர்மானிக்கும். பல இலட்சம் அடித்து, கைபட்டுத் தேய்ந்த காசுக்குப் பெரிய விலை இல்லை. ஆனால், 1939 முதல் 1941 வரை அடித்த மலாயாப் பத்துக் காசுகளில் முக்கால் பங்கு வெள்ளி உலோகம் உண்டு. 1943 முதல் 1945 வரையிலானவற்றில் பாதிப் பங்கு உண்டு. 1948 முதல் வெள்ளியே இல்லை. ஆகவே, பத்துக் காசுதானே என்று ஒருவரிடம் அள்ளிக் கொடுத்துவிடுவதும் அறியாமை; ஆயிரம் கிடைக்கும் என்று கனவு காண்பதும் அறியாமை.

இன்னொன்றையும் சொன்னோம். அவற்றுள் இரண்டு காசைப் பாட்டி புளி போட்டுப் பளபளவென்று துலக்கியிருந்தார். குத்துவிளக்குக்கு அது சரி. காசுக்கு அது கேடு. புளியிலுள்ள அமிலம் உலோகத்தின் மேற்பரப்பை அரித்து, நுண்ணிய கோடுகளையும் அழித்துவிடும். துலக்கிய காசைச் சேகரிப்பவர்கள் விரும்பமாட்டார்கள். அழுக்கு இருந்தால் வெறுந்தண்ணீரில் நனைத்து, மெல்லிய துணியில் ஒற்றி எடுத்தால் போதும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பாட்டி சிரித்தார். "வெல போகாட்டிப் போவுது ஐயா. பால் வெட்டுன காசுல எங்கம்மா முடிஞ்சு வெச்சது. அவங்க கைபட்ட காசு" என்று சொல்லி, எண்ணி எண்ணிப் பையில் போட்டுக்கொண்டார். சதுரக் காசு ஒன்றை மட்டும் பேத்தியின் டின்னில் போட்டுவிட்டுப் போனார்.

நேயர்களே, அந்த டின் இன்றும் நம் பள்ளியில் இருக்கிறது. சிற்றுண்டிச் சாலையில் மாற்றுக் காசு கிடைத்தால், யாரையும் கேள்வி கேட்காமல் டின்னுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கிருந்து தாய்லாந்து, இலங்கை, சவுதி அரேபியா, சப்பான் என்று உலகப் படத்தில் குண்டூசி குத்தி வைக்கிறோம். வெளியூர் போகவே வாய்ப்பில்லாத பிள்ளைகள், விரல் நுனியில் உலகைச் சுற்றி வருகிறார்கள்.

இன்று இரவு உங்கள் வீட்டு உண்டியலை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். பிள்ளைகளை அருகில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து, உருவம், ஆண்டு, வடிவம், உலோகம் ஆகிய ஐந்தையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஓர் அயல்நாட்டுக் காசு கிடைத்தால், தூக்கி எறியாதீர்கள். கடையில் அது செல்லாமல் இருக்கலாம். ஆனால், தன் நாட்டில் அதுவும் ஒரு தாயின் மீன் கணக்கில் எண்ணப்பட்ட காசுதான். மனிதரையும் அப்படியே எண்ணிப் பாருங்கள். இடம் மாறி வந்ததால் மட்டுமே ஒருவரைச் செல்லாக் காசு என்று சொல்லிவிடக் கூடாது.